நிழலை வாடகைக்குக் கேட்டவள்

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டிலிருந்து ஆஸ்பத்திரிக்குப் போகிற சாலையில் எங்கள் வீடு. முன்னறைக்கு ஷட்டர் போட்டு ஜெராக்ஸ் கடைக்கு விட்டிருந்தோம். கடை வைத்திருந்தவர் காலி செய்துகொண்டு போனபிறகு ஷட்டர் இறங்கியே கிடந்தது. பூட்டு துருப்பிடிக்குமே, எலி புகுமே என்று தினமும் காலையில் அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு இறக்குவேன். சர்க்கரை ஆலையின் எடைமேடையில் கரும்பு வண்டிகளை எண்ணியே ஓய்வு பெற்றவன் நான். எண்ண ஒன்றும் இல்லாவிட்டால் ரோட்டில் போகும் பஸ்களையாவது எண்ணிக்கொண்டிருப்பேன்.

தீபாவளி முடிந்த ஒரு காலையில் ஷட்டரை இறக்கிக்கொண்டிருந்தபோது இடுப்பில் மூங்கில் கூடையோடு அவள் வந்து நின்றாள்.

"சாரு, இது ஒங்க கடையா?"

"ஆமாம்மா. ரூம் வேணுமா? கொஞ்சம் பூச்சு வேலை இருக்கு, ஒழுவாது. கரண்ட்டுக்குத் தனி மீட்டர்..."

"ரூமு வேணா சாரு. ரூமுக்கு முன்னால வுழுவுது பாரு நெழலு, அது போதும். நெழலுக்கு இன்னா வாடகை?"

நிழலை யாரும் என்னிடம் வாடகைக்குக் கேட்டதில்லை. நான் யோசித்து முடிப்பதற்குள் அவள் கூடையை இறக்கி வைத்து, தரையைக் கையால் தட்டிச் சுத்தம் செய்துவிட்டிருந்தாள்.

கச்சிராயபாளையத்துக்கு மேலே, கல்வராயன் மலையில் அவள் ஊர். வயது நாற்பது இருக்கும். மலையிலிருந்து முதல் பஸ்ஸில் இறங்கி, மாலை பஸ்ஸில் ஏறிவிடுவாள். அவள் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. நின்றால் ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறி மாறி ஊன்றுவாள். பேசும்போது கண் நம் முகத்தில் இருக்காது. ரோட்டில் போகிறவர்கள் மேல் இருக்கும். "சொல்லு சாரு, காது இங்கதான் கீது" என்பாள்.

அவளுடைய அவசரத்துக்குக் காரணம் இருந்தது. மலையில் அறுப்பு முடிந்தால் ஒவ்வொரு வருஷமும் கூலிக்கு ஆள் பிடிக்கும் மேஸ்திரியின் வண்டி வரும். புருஷன், பெண்டாட்டி, பிள்ளை என்று குடும்பம் குடும்பமாகக் குடகுக்குப் போய்க் காப்பி பறித்து, மிளகு பறித்துவிட்டு வெயில் ஏறும்போதுதான் திரும்புவார்கள். போன வருஷம் அவளும் புருஷனும் மகளும் போனார்கள். மகள் அப்போது ஒன்பதாவது. பரீட்சை எழுதாவிட்டாலும் எப்படியோ பாஸ் போட்டுவிட்டார்கள். இந்த வருஷம் பத்தாவது. பரீட்சை நேரத்தில் பிள்ளை குடகில் மிளகுக்கொடிக்கு ஏணி சாத்திக்கொண்டிருந்தால் படிப்பு அதோடு முடிந்தது. அம்மா ஊரில் இருந்தால்தான் பிள்ளையும் இருக்க முடியும். அவள் ஊரில் இருக்க வேண்டுமானால் இங்கே ஒரு வரும்படி வேண்டும்.

"பொங்கல் களிச்சி வண்டி வரும். அதுக்குள்ள ஒரு யாவாரம் நிக்கணும். நின்னா நீயும் பொண்ணும் இருங்க, நிக்கலன்னா மூணு பேரும் ஏறிடணும்னு அந்தாளு சொல்லிட்டாரு. நானும் சரின்னுட்டன்."

"அதுக்குள்ள எப்படிம்மா? ஒரு வியாபாரம் காலூன்ற வருஷக்கணக்கு ஆகும்."

"வருசம் யாருகிட்ட சாரு கீது?"

முதலில் கொண்டுவந்தது சீமார். மலைப்புல்லில் கட்டிய துடைப்பம். ஒரு துடைப்பம்தான். அதை நிழலில் நட்டமாக நிறுத்தி, போகிற பெண்களிடம் காட்டினாள். எல்லாரும் நன்றாக இருக்கிறது என்றார்கள். ஒருத்தி வாங்கவே முன்வந்தாள். "நாளைக்கி வாக்கா, எடுத்தாறன்" என்று அனுப்பிவிட்டாள்.

எனக்கு மனசு ஆறவில்லை. "கையில இருக்கறதைக் கொடுக்க வேண்டியதுதானே? இல்லாத சரக்கை விக்கறியே, இது என்ன வியாபாரம்?"

"கேக்கறாங்களான்னு பாத்துக்கினு அப்பறம் புல்லு அறுப்பம் சாரு. மொதல்லயே அறுத்துக் கட்டிட்டு எவ தலையில வெக்கறது?"

மறுநாள் அந்த ஒருத்தியும் வரவில்லை. இவள் துடைப்பத்தை எடுத்து எங்கள் வாசலைப் பெருக்கிவிட்டு, அங்கேயே சாத்திவிட்டுப் போனாள். அத்தோடு துடைப்ப வியாபாரம் முடிந்தது. ஒரு வருத்தம், ஒரு பெருமூச்சு, எதுவும் இல்லை.

"நல்லாகீதுன்னு சொல்றது வாயி சாரு. அது யார வேணா நல்லாகீதுன்னும். கையி பைக்குள்ள போவுதான்னு பாக்கணும்."

அடுத்தது மலை நெல்லிக்காய். உப்பு, மிளகாய்த்தூள் தடவியது. மழை பிடித்துக்கொண்டது, அதுவும் போயிற்று. அடுப்பு வேண்டுமென்றால் பக்கத்து டெய்லரிடம், மேஜை வேண்டுமென்றால் என்னிடம், குடை பூக்காரம்மாவிடம். எல்லாமே இரவல். போனில் பணம் போடுகிறவர்களுக்காக என் மனைவியின் போனுக்கு உண்டான கட்டம்போட்ட அட்டையைக் கொண்டுபோய் ஷட்டரில் ஒட்டிவிட்டாள். போன் சத்தம் போட்டால் என் மனைவி சமையலறையிலிருந்து "வந்துடுச்சிடி!" என்று கத்துவாள். நான் பதறி எழுந்து உட்காருவேன்.

ஒருமுறை என் மனைவி ஒரு சிலேட்டையும் சாக்பீஸையும் எடுத்துவந்தாள். "கடைக்கு ஒரு பேர் எழுதி மாட்டுடி, பாக்க லட்சணமா இருக்கும்."

"வேணாம்மா. பேரு வச்சிட்டா வுட மனசு வராது."

அந்தச் சுபாவம்தான் எங்களைச் சில சமயம் சுட்டது. எலுமிச்சை ஊறுகாய் போட்டால் போகும்போலிருக்கிறது என்று ஒரு நாள் சொன்னாள். என் மனைவிக்கு உற்சாகம் வந்துவிட்டது. வீட்டில் சும்மா கிடந்த ஜாடிகளையெல்லாம் கழுவிக் காயவைத்து, மூட்டுவலியோடு நின்று பழம் நறுக்கி, மிளகாய் வறுத்து அரைத்து வைத்தாள். மறுநாள் காலை அவள் வந்து ஜாடியைப் பார்த்தாள்.

"அது வேணாம்மா."

"ஏண்டி, நேத்து வேணும்னியே?"

"நேத்து கேட்டாங்கம்மா. இன்னிக்கி விசாரிச்சிப் பாத்தன், எல்லா வூட்லயும் ஊறுகா கீது."

அவ்வளவுதான். போட்டதைப் பற்றி ஒரு வார்த்தை ஆறுதல் கிடையாது. என் மனைவி அன்றைக்கெல்லாம் அவளோடு பேசவில்லை. துடைப்பத்தைச் சாத்தியதுபோல ஒரு நாள் எங்களையும் சுவரோரம் சாத்திவிட்டுப் போய்விடுவாள் என்று எனக்குத் தோன்றியது. சாயங்காலம் போகும்போது அவளாகவே ஜாடிக்குள் விரல் விட்டு நக்கிப் பார்த்து, "எம்மாடி, நாக்கு நட்டுக்குது. பொண்ணுக்கு ஒரு கிண்ணம் குடு" என்றாள். என் மனைவி முறைத்துக்கொண்டே ஒரு கிண்ணம் நிறையக் கொடுத்தாள்.

பிறகு சாமை அரிசி. மைதானத்தில் காலையில் நடக்க வருகிறவர்களிடம் ஒரு தட்டில் கொஞ்சம் போட்டுக் காட்டினாள். ஆளாளுக்கு நின்று சர்க்கரை நோய்க்கு நல்லது, கொலஸ்ட்ராலுக்கு நல்லது என்று அவளுக்கே பாடம் எடுத்தார்கள். ஒருவரும் வாங்கவில்லை.

"ஏன் சாரு, இம்மாம் தெரிஞ்சவங்க ஏன் வாங்கல?"

"ஆக்கத் தெரியாது. எத்தனை தண்ணி வெக்கறதுன்னு தெரியாது."

அவள் ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறினாள். மறுநாள் டெய்லர் வீட்டு அடுப்பில் ஒரு பானை சாமைக் கஞ்சி காய்ச்சி, மோர் ஊற்றி, சின்ன வெங்காயம் அரிந்து போட்டு, தொட்டுக்கொள்ள மோர் மிளகாயோடு நிழலில் வைத்தாள். அரிசியை விற்பதற்காகக் காட்டிய சாம்பிள்தான் அது. அரிசியை யாரும் சீண்டவில்லை, கஞ்சி நின்ற நிலையில் தீர்ந்தது. ஆட்டோக்காரர்கள் குடித்தார்கள், ஆஸ்பத்திரிக்கு நோயாளி பார்க்க வந்தவர்கள் குடித்தார்கள். மறுநாள் இரண்டு பானை. ஒரு சொம்பு பதினைந்து ரூபாய். வீட்டுக்குள்ளிருந்து, "வந்துடுச்சிடி! இன்னொன்னும் வந்துடுச்சிடி!"

நான் நாற்காலியைப் போட்டுக்கொண்டு சொம்புகளை எண்ண ஆரம்பித்தேன். அடுப்பு சாயுமோ, நகராட்சிக்காரர்கள் வருவார்களோ, பஸ்ஸுக்கு வழி மறிக்குமோ என்ற கவலையெல்லாம் இருந்தும் எண்ணாமல் இருக்க முடியவில்லை. நாளுக்கு நாள் ஏறியது. சாமை, மோர், விறகு, பஸ் சார்ஜ் எல்லாம் கழித்து மனசுக்குள் போட்டுப் பார்த்தேன். தாயும் மகளும் தாராளமாக இருக்கலாம்.

"நின்னுடுச்சும்மா!" என்றேன். "உன் வியாபாரம் நின்னுடுச்சு."

அவள் சிரிக்கவில்லை. அம்மாவின் போனில் வந்ததையும் சேர்த்துப் பார்த்துக்கொள் என்று சொல்லி, காசு போடும் பால்பவுடர் டப்பாவை என் மடியில் வைத்துத் திறந்தாள். இரண்டையும் சேர்த்தாலும் நான் எண்ணிய சொம்பில் பாதிக்குக்கூடக் காசு இல்லை. யாரோ எடுத்துவிட்டார்கள் என்று பதறிப்போனேன். டெய்லரைக்கூட ஒரு பார்வை பார்த்துவிட்டேன்.

"யாரும் எடுக்கல சாரு. எங்காளுங்க."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. ஆஸ்பத்திரிக்கும் கலெக்டர் ஆபீசில் மனு கொடுக்கவும் மலையிலிருந்து இறங்குகிறவர்கள் எல்லாரும் எங்கள் வாசல் வழியாகத்தான் போகவேண்டும். போகிறபோது அவளைப் பார்த்ததும், "நம்ம புள்ள கீது பாரு" என்று நேராக வந்து நிழலில் உட்கார்ந்துவிடுவார்கள். அவள் ஊற்றுவாள். குடிப்பார்கள். சொம்பைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, தலையில் கைவைத்து நன்றாயிரு என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். கேட்கக் கூடாது. அவர்கள் ஊரில் சாமையை அளந்து விற்கலாம், தேனை விற்கலாம், கடுக்காயை மூட்டை கட்டி விற்கலாம். அடுப்பில் ஏறிவிட்டால் அந்தப் பொருளுக்கு விலை கிடையாது. நடந்து வந்தவனுக்குக் கஞ்சி ஊற்றிவிட்டுக் காசு கேட்ட வீடு என்று பேர் வந்தால் அந்த வீட்டில் யாரும் பெண் எடுக்க மாட்டார்கள்.

"சொல்லிப் பாரேம்மா. இது வீடு இல்லை, கடைன்னு."

"நான் நிக்கற எடம் அவங்களுக்கு வூடு சாரு."

அவளும் சும்மா இருக்கவில்லை. ஒரு நாள் எங்களிடம் சொல்லாமல் பானையைத் தூக்கிக்கொண்டு உழவர் சந்தைப் பக்கம் போய்விட்டாள். மதியத்துக்குள் மலை ஆட்கள் தேடிக் கண்டுபிடித்து, "எங்கடி போன? ஊரெல்லாம் தேடிக்கினு வர்றம்" என்று திட்டிவிட்டுக் குடித்திருக்கிறார்கள். கஞ்சியை விட்டு ஒரு நாள் சுக்கு காப்பி போட்டுப் பார்த்தாள். அதுவும் அடுப்பில் ஏறியதுதானே? முதல் முறையாக, தூக்கி எறியத் தெரியாத ஒரு வியாபாரம் அவளுக்கு அமைந்துவிட்டது. விற்கவும் முடியவில்லை, விடவும் முடியவில்லை. மார்கழி போயிற்று. பொங்கலும் போயிற்று. நான் ராத்திரியெல்லாம் புரண்டு படுத்தேன். என் மனைவி, "உங்களுக்கென்ன, நீங்களா மிளகு பறிக்கப் போறீங்க?" என்றாள். ஆனால் அவளும் தூங்கவில்லை.

வண்டி வந்தது திங்கட்கிழமை. மனு கொடுக்கிற நாளாகையால் நிழலில் மலை ஆட்கள் நிறைந்திருந்தார்கள். பதினேழு பேர். காசு கொடுத்துக் குடிக்கிறவர்கள் உட்கார இடமில்லாமல் திரும்பிப் போனார்கள். வேன் எதிர்சாரியில் நின்றது. கூரைமேல் பாயும் பாத்திரமும் கட்டியிருந்தார்கள். ஜன்னலோரம் பள்ளிக்கூடப் பையை மடியில் வைத்துக்கொண்டு ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். அம்மாவின் முகம் அப்படியே. நான் அவளை முதலில் பார்த்தது அப்போதுதான்.

புருஷன் இறங்கி ரோட்டைக் கடந்து வந்தார். மெலிந்த, அமைதியான மனிதர். என்னைப் பார்த்துக் கும்பிட்டார். கூட்டத்தைப் பார்த்தார். டப்பாவை எடுத்து ஒரு குலுக்குக் குலுக்கினார். அதன் சத்தமே போதுமானதாக இருந்தது. கீழே வைத்துவிட்டார். அவள் ஒரு சொம்பு கஞ்சியை நீட்டினாள். நின்றபடியே குடித்தார், சொம்பைக் கழுவினார், கவிழ்த்தார்.

"பொறப்படு. மேஸ்திரி கத்துவான்."

"பதினஞ்சு ரூவா."

"இன்னாது?"

"கஞ்சி குடிச்ச இல்ல? பதினஞ்சு ரூவா."

அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மாறவும் இல்லை. அவள் அப்படி அசையாமல் நின்று நான் பார்த்தது அந்த ஒருமுறைதான். நிழலில் உட்கார்ந்திருந்தவர்கள் குடிப்பதை நிறுத்திவிட்டார்கள்.

அவர்களில் அவளுடைய சித்தப்பாவும் இருந்தார். கண் ஆபரேஷன் தேதி கேட்க வந்தவர். "ஏ புள்ள, புத்தி கெட்டுப்போச்சா? கட்னவன்கிட்ட கஞ்சிக்குக் காசு கேக்கறியே?" என்றார்.

அவள் சித்தப்பா பக்கம் திரும்பவே இல்லை. புருஷனைப் பார்த்துக்கொண்டே நின்றாள். வேறு யாரிடம் கேட்டிருந்தாலும் அது குடித்தவருக்கும் அவமானம். இவரிடம் கேட்டால் அவமானப்படுவது அவள் வீடு மட்டும்தான். கட்டினவரே காசு கொடுத்துவிட்டால் மற்றவர்களும் கொடுக்கலாம். அவர் மறுத்தால் அவளால் இனி யாரிடமும் கேட்க முடியாது. வேனில் ஏறவேண்டியதுதான்.

அவர் உட்கார்ந்திருந்தவர்களின் கைகளில் இருந்த சொம்புகளைப் பார்த்தார். திரும்பி வேனைப் பார்த்தார். ஜன்னலில் இருந்த பெண் எங்களைப் பார்க்காமல் பையின் வாரை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தாள். மேஸ்திரி ஹாரன் அடித்தான். புருஷன் சட்டைப் பையிலிருந்து இருபது ரூபாய்த் தாள் ஒன்றை எடுத்து நீட்டினார். அவள் வாங்கி டப்பாவில் போட்டு, ஐந்து ரூபாயைத் தேடி எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

அவர் அந்த நாணயத்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பிறகு நிமிர்ந்து, "காசு குடுத்துட்டன் இல்ல? இப்ப சொல்றன் கேட்டுக்க. உப்பு கம்மி" என்றார்.

யாரோ ஒருவர் களுக்கென்று சிரித்தார். அவ்வளவுதான், நிழல் முழுக்கச் சிரிப்பு பரவிவிட்டது. சுவரோரம் இருந்த ஒரு கிழவி, "ஆமாண்டி, நானும் வர்றப்பல்லாம் பாக்கறன். உப்பே இல்ல. சும்மா குடிக்கறவ எப்பிடிச் சொல்றது?" என்றாள். சொல்லிக்கொண்டே முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். பக்கத்தில் இருந்தவர், "எனுக்கு நேத்து குடிச்சதுக்கும் சேத்து வச்சிக்க" என்றார். "நேத்து போனது போவட்டும் மாமா" என்றாள் அவள்.

சித்தப்பா மட்டும் சிரிக்கவில்லை. வாய் வைக்காத சொம்பை ஷட்டரோரம் மெல்ல வைத்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிப் பக்கம் நடந்துவிட்டார். அவள் கூப்பிடவில்லை. அவர் திரும்பியும் பார்க்கவில்லை.

புருஷன் ரோட்டைக் கடந்துபோய் வேன் கதவைத் திறந்தார். "எறங்குடி" என்றார் மகளிடம். மேஸ்திரி, "யோவ், மூணு ஆளுன்னு கணக்கு குடுத்துட்டன்யா" என்று கத்தினான்.

"ரெண்டு சீட்டு காலி. வேற ஆள ஏத்திக்க" என்றபடி அவர் தனியாக ஏறிக்கொண்டார்.

அந்தப் பெண் பையோடு வந்து அம்மாவின் அருகில் நின்றாள். வேன் கிளம்பிப் போனதை இரண்டு பேரும் பார்க்கவில்லை. இரண்டு பேரும் சொம்பு கழுவிக்கொண்டிருந்தார்கள். அவள் வீட்டுக்குள் போய் என் மனைவியிடம் ஒரு கை கல்லுப்பு வாங்கிவந்து பானையில் போட்டுக் கலக்கினாள்.

ஷட்டரோரம் இருந்த அந்தச் சொம்பை அவள் பானையில் திருப்பி ஊற்றவில்லை, வேறு யாருக்கும் கொடுக்கவில்லை. ஈ மொய்க்காமல் ஒரு தட்டைப் போட்டு மூடிவைத்தாள். காலி செய்து கழுவிவிடலாமே என்று நான் இரண்டு தரம் சொன்னேன். மாலை பஸ்ஸுக்குக் கிளம்பும்போது அந்தக் கஞ்சியை ஒரு தூக்குவாளியில் ஊற்றினாள். கொஞ்சம் உப்புப் போட்டாள். மூடியை அழுத்தி மூடினாள்.

"அது எதுக்கும்மா?"

"சித்தப்பா வூடு போற வழியிலதான் சாரு. வூட்ல கொண்டும்போயி ஊத்தனா, அதுக்குக் காசு கெடையாது."

மகள் கூடையைத் தூக்கிக்கொண்டாள். கையில் தூக்குவாளியோடு, கஞ்சி சிந்தாமல் இருக்க, அவள் அன்றைக்கு மெதுவாக நடந்து போனாள்.